ஊசியும் மயக்கமும்: ஒரு பழைய கணக்கு



சென்ற மாதம் எனக்கு ஒரு அறுவை சிகிச்சை நடந்தது. அறுவை என்று சொன்னால் பெரிதாகத் தோன்றும். இடது தோளுக்குப் பின்னால் நெல்லிக்காய் அளவில் ஒரு கொழுப்புக் கட்டி பல வருஷமாக வாடகை கொடுக்காமல் குடியிருந்தது. மகள் பிடிவாதமாக அழைத்துப் போனாள். "அரை மணி நேர வேலை சார், மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துடலாம்" என்றார் டாக்டர்.

ஸ்டூலில் உட்கார வைத்து, முதுகில் பஞ்சால் துடைத்தார்கள். எதிரே தட்டில் ஊசி இருந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். ஊசி உள்ளே போனது. வலி என்று பெரிதாக இல்லை. ஆனால் காதுக்குள் கடல் இரைந்தது, நெற்றியில் குளிர்ந்த வியர்வை, ஒரு பெரிய கொட்டாவி. அதன் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது.

கண் விழித்தபோது படுத்திருந்தேன். கால்கள் இரண்டும் தலையணை மேல் உயரமாக இருந்தன. "தாத்தா, நான் பேசறது கேக்குதா?" என்று ஒரு இளம் நர்ஸ் குனிந்து கேட்டாள். நான் பதில் சொன்னேனாம், பிரெஞ்சில். "ஊ சுய்ழ்?" என்று. நான் எங்கே இருக்கிறேன் என்று அர்த்தம். சின்ன வயதில் படித்த மொழி எந்த மூலையில் பதுங்கியிருந்து வெளியே வருகிறது பாருங்கள்!

பிறகு படுக்க வைத்தே கட்டியை எடுத்துவிட்டார்கள். ஒரு தொந்தரவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் பத்தாவது படிக்கும் பேரன் கேட்டான்: "தாத்தா, ஊசிக்குப் போய் பயந்துட்டீங்களா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டான். ஆனால் போன வருஷம் பள்ளியில் தடுப்பூசி போட்டபோது அவனும் இப்படித்தான் விழுந்தான் என்பதும், அதற்குப் பிறகு இரண்டு நாள் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அழுததும் எனக்குத் தெரியும். அவனுக்காகத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் எனக்காகவும்.

முதலில் என் பள்ளிக்கூடக் கதை. 1958ஆம் வருஷம் என்று நினைவு. பிரெஞ்சுக் கொடி இறங்கி நாலு வருஷம் ஆகியும் வகுப்பில் பிரெஞ்சுதான். அம்மை குத்த ஆட்கள் வந்திருந்தார்கள். அப்போது இன்றைய மெல்லிய ஊசி கிடையாது. சின்ன வட்டத் தகட்டில் பல் பல்லாக வைத்த ஒரு கருவி. கையில் மருந்துத் துளியை விட்டு, அதன் மேல் வைத்து ஒரு திருகு திருகுவார்கள். நம் வயதுக்காரர்கள் கையைத் திருப்பிப் பாருங்கள், காசு போல வட்டத் தழும்பு இருக்கும். எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். என் முறை வருவதற்குள் நான் தரையில் கிடந்தேன். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பிய வாத்தியார் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்ன சொல் "ஃபியெத்". சின்னப் பெண் என்று பொருள். அந்த வருஷம் முடியும்வரை பையன்களுக்கு நான் ஃபியெத்தான். இதை நான் என் அப்பாவிடம் சொல்லவே இல்லை.

மயங்கி விழுவதற்குப் பிரெஞ்சில் ஒரு வேடிக்கையான வழக்கு உண்டு. "தோம்பே தான் லே பொம்" என்பார்கள். ஆப்பிள்களுக்கு நடுவே விழுவது! நம் ஊரில் "கண்ணை இருட்டிக்கிட்டு வருது" என்போம். எனக்கு நம் சொல்தான் சரியாகப் படுகிறது. நடப்பது அதுதானே.

ஊசிக்கு மயங்குவது நம் காலத்து நோஞ்சான்தனம் என்று நினைப்பவர்கள் சரித்திரத்தைப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் ஐரோப்பிய வைத்தியத்தில் மயக்கம்தான் குறிக்கோள். எந்த நோய் வந்தாலும் கை நரம்பைக் கீறி ரத்தம் விடுவார்கள். எவ்வளவு விடுவது? நோயாளி மயங்கும் வரை. மயங்கினால் வைத்தியம் பலித்தது என்று கணக்கு. பண்டைய கிரேக்க, ரோமானிய வைத்தியர்களிடமிருந்து வந்த பழக்கம், ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல் ஓடியது.

பிரான்சில் புரூசே என்ற டாக்டர் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டு போனார். அவர் நெப்போலியன் படையில் வேலை பார்த்தவர். எல்லா நோய்க்கும் அட்டை விடு என்பது அவர் கட்சி. 1833ஆம் வருஷம் ஒன்றில் மட்டும் பிரான்ஸ் இறக்குமதி செய்த அட்டைகள் 4 கோடிக்கு மேல். நினைத்துப் பாருங்கள், கப்பல் கப்பலாக அட்டை!

இதை நிறுத்தியது கத்தியோ மருந்தோ இல்லை, கணக்கு. பாரிசில் பியேர் லூயி என்று ஒரு டாக்டர். அவர் நோயாளிகளை வரிசையாகப் பதிவு செய்தார். நிமோனியா வந்த 77 பேரில் யாருக்கு எத்தனாவது நாள் ரத்தம் எடுத்தார்கள், யார் பிழைத்தார்கள், யார் இறந்தார்கள், எத்தனை நாள் படுத்திருந்தார்கள் என்று கூட்டிக் கழித்துப் பார்த்தார். 1835இல் புத்தகமாகப் போட்டார். ரத்தம் எடுப்பதால் வைத்தியர்கள் பீற்றிக்கொண்ட அளவுக்கு ஒரு பலனும் இல்லை என்று தெரிந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் பதிவேடு எழுதிப் பிழைத்த எனக்கு இவரை ரொம்பப் பிடிக்கும். ஒரு ரெஜிஸ்டரைச் சரியாக எழுதினால் எத்தனை உயிர் காப்பாற்றலாம் என்பதற்கு இவர் சாட்சி.

இனி ஊசிக்கு வருவோம். ஊசியைக் கண்டுபிடித்தவர் யார் என்பதில் மூன்று நாட்டுக்குச் சண்டை. 1844இல் டப்ளின் நகரத்து ஃபிரான்சிஸ் ரிண்ட், முகத்து நரம்பு வலியால் தூங்க முடியாமல் தவித்த ஒரு பெண்ணுக்குத் தோலுக்கு அடியில் ஒரு குழாய் வழியாக மருந்தை இறக்கினார். 1853இல் லியோன் நகரத்துப் பிரெஞ்சு டாக்டர் சார்ல் கப்ரியேல் பிரவாஸ், வெள்ளியில் ஒரு சிறிய பீச்சுகுழல் செய்வித்தார். அமுக்குவதற்குப் பதிலாகத் திருகினால் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும். அவர் அதை முதலில் பயன்படுத்தியது ஆடு, குதிரைகளிடம், ரத்தக்குழாயில் ரத்தத்தை உறைய வைக்க முடியுமா என்று பார்ப்பதற்காக. அதே வருஷம் அவர் காலமாகிவிட்டார். அதே சமயத்தில் எடின்பரோவில் அலெக்சாண்டர் வுட் வலிக்கு மார்ஃபியா மருந்தை ஊசியில் செலுத்தினார். ஆங்கிலேயர்கள் வுட் என்பார்கள். நாங்கள் படித்த பிரெஞ்சுப் புத்தகத்தில் பிரவாஸ்தான். "பிரவாஸ் பீச்சுகுழல்" என்றே அதற்குப் பெயர்.

பிரவாசுக்கு அந்தக் கருவியைச் செய்து கொடுத்தது பாரிசின் பெயர்பெற்ற கருவிக் கொல்லர் ஷாரியேரின் பட்டறை. அவர் பெயரும் ஆஸ்பத்திரியில் இன்றும் வாழ்கிறது. ப்ராஸ்டேட் தொல்லையால் சிறுநீர்க் குழாய் போட்டுக்கொண்ட நண்பர்களுக்குத் தெரியும், குழாயின் மேலுறையில் "16 பிரெஞ்ச்" என்று அளவு போட்டிருக்கும். அது ஷாரியேர் ஏற்படுத்திய அளவு. ஒரு பிரெஞ்ச் என்றால் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. பிரெஞ்சுக்காரர்கள் புதுவையை விட்டுப் போனார்கள், ஆஸ்பத்திரியை விட்டுப் போகவில்லை!

எங்கள் வாசகப் புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. தாடி வைத்த பெரியவர் நிற்கிறார், ஒரு பையனுக்கு ஊசி போடுகிறார்கள். லூயி பாஸ்தரும் ஜோசப் மெய்ஸ்தரும். 1885 ஜூலை 6. அல்சாசிலிருந்து தாயோடு வந்த ஒன்பது வயதுப் பையன். இரண்டு நாள் முன்பு வெறிநாய் கடித்துக் குதறியிருந்தது. பாஸ்தர் ரசாயனக்காரர், டாக்டர் பட்டம் கிடையாது. அதனால் அவர் கையால் ஊசி போட முடியாது. கிரான்ஷே என்ற டாக்டர்தான் போட்டார். அரை பிரவாஸ் குழல் மருந்து, வயிற்றுப் பக்கத் தோலில். பத்து நாளில் 13 ஊசிகள். பையன் முதலில் அழுதான், பிறகு இவ்வளவுதானா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். நாள் செல்லச் செல்ல மருந்தின் வீரியம் கூடிக்கொண்டே போனது. பையன் இரவில் நன்றாகத் தூங்கினான், பாஸ்தர்தான் தூக்கம் வராமல் புரண்டார். மெய்ஸ்தர் பிழைத்தான். வளர்ந்து பாரிஸ் பாஸ்தர் நிறுவனத்திலேயே காவலராக வேலை பார்த்தான்.

நம் பக்கத்தில் 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் வந்தது. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பேச்சு நம் தலைமுறையில் யாருக்குத்தான் தெரியாது? நாயை விட ஊசிக்குத்தான் தெருப்பிள்ளைகள் பயந்தோம். நல்ல வேளையாக அந்த முறை இப்போது இல்லை. கையில் நாலைந்து ஊசியோடு முடிந்துவிடுகிறது.

அம்மை ஊசியின் கதை இன்னும் பழையது. 1796இல் இங்கிலாந்தில் ஜென்னர். ஆறே வருஷத்தில் அது இந்தியா வந்துவிட்டது. 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்குக் குத்தினார்கள். அது முதல் ஆரம்பித்த வேலை 1975இல் இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தபோது முடிந்தது. 1980இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். காசநோய்க்கான பி.சி.ஜி. என்ற எழுத்துகளில் நடுவில் இருப்பவர் கால்மெத், கடைசியில் கெரேன், இருவரும் பிரெஞ்சுக்காரர்கள். கால்மெத் 1891இல் சைகோனில் பாஸ்தர் நிறுவனத்தைத் தொடங்கியவர். நம் புதுவைக்காரர்கள் பலர் சர்க்கார் வேலைக்குப் போன அதே சைகோன். பி.சி.ஜி.யை 1955இல் ராஜாஜியே எதிர்த்து எழுதினார் என்பதையும் சொல்ல வேண்டும். ஊசியைப் பற்றிய தயக்கம் படிக்காதவர்களுக்கு மட்டும் உரியது அல்ல.

சரி, ஏன் மயங்குகிறோம்? மகள் விளக்கம் கேட்டு வந்தாள், நானும் படித்துப் பார்த்தேன். பாம்பைக் கண்டால் நாம் மயங்குவதில்லை. இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, ஓடுகிறோம். ஊசி, ரத்தம், காயம் இவற்றுக்கு மட்டும் சிலருடைய உடம்பு வேறு மாதிரி நடந்துகொள்கிறது. முதலில் இதயம் வேகமாக அடித்து, பிறகு திடீரென்று பிரேக் போட்டது போல மெதுவாகிறது. வேகஸ் என்ற நரம்பு போடும் பிரேக் அது. அதே சமயம் ரத்தக்குழாய்கள் தளர்கின்றன. அழுத்தம் விழுகிறது, மூளைக்கு ரத்தம் போதவில்லை, கண் இருட்டுகிறது. விழுந்து தரையோடு தரையாகப் படுத்ததும் ரத்தம் தலைக்கு வந்து தெளிந்துவிடுகிறது. லண்டன் டாக்டர் தாமஸ் லூயிஸ் 1932இல் இதை விவரித்து "வேசோவேகல்" என்ற பெயரை நிலைநிறுத்தினார். இது குடும்பத்தில் ஓடும் குணம் என்றும் கண்டிருக்கிறார்கள். ஆகவே பேரனுக்கு நான் விட்டுப்போகும் சொத்தில் இதுவும் ஒன்று!

இதில் தைரியம், கோழைத்தனம் என்ற பேச்சுக்கு இடமே இல்லை. தும்மல் வருபவனைக் கோழை என்போமா?

இது எனக்கு 1979லேயே தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அந்த வருஷம் என் மனைவிக்கு இரண்டாவது பிரசவம். ரத்தம் நிறையப் போய்விட்டது. ஒரு பாட்டில் ரத்தம் உடனே வேண்டும் என்றார்கள். எனக்கும் அவளுக்கும் ஒரே வகை. கையை நீட்டினேன். ஊசி ஏறியது, பாட்டிலின் அடியில் சிவப்பு பரவுவதைப் பார்த்தேன், அவ்வளவுதான். பாட்டில் கால்வாசி கூட நிரம்பவில்லை. உருவிவிட்டார்கள். எங்கள் ஆபீஸ் பியூன் ஒருவர் சாப்பாடு கொடுக்க வந்தவர், "எனக்கும் அதே குரூப்புதான் சார்" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போனார். கொடுத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குத் திரும்பிவிட்டார்.

மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. உறவில் வேறொருவர் வராந்தாவில் சொன்னார்: "பொண்டாட்டிக்கு ஒரு பாட்டில் ரத்தம் கொடுக்க வக்கில்லை." என் காதில் விழட்டும் என்றுதான் சொன்னார். ஃபியெத் என்ற சொல்லை இருபத்தொரு வருஷம் கழித்து வேறு மொழியில் கேட்டேன். அந்தப் பியூன் ஓய்வு பெறும்வரை அவர் முகத்தை நேராகப் பார்த்து என்னால் பேச முடிந்ததில்லை. அவர் என்ன நினைத்திருப்பார்? இந்த ஐயாவுக்கு இவ்வளவு திமிரா என்றுகூட நினைத்திருக்கலாம். இப்போது அவர் இல்லை. அந்த நன்றியை நான் சரியாகச் சொல்லவே இல்லை. இந்தக் கட்டுரையில் சொல்லிக்கொள்கிறேன்.

கட்டி எடுத்த அன்று ராத்திரி, நாற்பது வருஷத்துக்கு மேல் பேசாத அந்தப் பேச்சை நானே மனைவியிடம் எடுத்தேன். அவள் வெற்றிலை மடித்துக்கொண்டே சொன்னாள்: "என்னங்க நீங்க, மயக்கம் வரும்னு தெரிஞ்சுதானே கையை நீட்டினீங்க? அது எனக்குத் தெரியாதா?" நான் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

இப்போது நம் வயதுக்காரர்களுக்கு இரண்டு வார்த்தை. எனக்குத் தெரிந்த ஒருவர் இந்த மயக்கத்துக்கு வெட்கப்பட்டே ஆறு வருஷம் ரத்தப் பரிசோதனைக்குப் போகவில்லை. சர்க்கரை ஏறியது தெரியாமல் கால் விரல் ஒன்றை இழந்தார். வெட்கத்துக்கு இவ்வளவு விலை கொடுக்க வேண்டாம். லேபுக்குப் போனால் முதலில் சொல்லிவிடுங்கள்: "எனக்கு மயக்கம் வரும்மா, படுத்துக்கிட்டே எடுத்துடு." யாரும் சிரிப்பதில்லை. அவர்களும் தினமும் பார்ப்பதுதான். மயக்கத்தால் ஆபத்து குறைவு. ஸ்டூலிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால்தான் நம் வயதில் ஆபத்து. எடுத்து முடித்த பிறகும் பத்து நிமிஷம் படுத்திருந்துவிட்டு மெதுவாக எழுந்திருங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. சுவீடன் நாட்டு உளவியலாளர் ஓஸ்ட் என்பவர் 1980களில் சொல்லிக் கொடுத்தது. ஊசி போடாத கை, தொடை, வயிறு இவற்றின் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடி இறுக்கிப் பிடிப்பது, முகம் சூடாவது போல இருக்கும். பிறகு அரை நிமிஷம் தளர விடுவது. நாலைந்து தடவை. இறங்கப் பார்க்கும் ரத்த அழுத்தத்தை இது பிடித்து நிறுத்துகிறது. இதய நோய், அதிக ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஊசியும் ரத்தமும் இல்லாமல் சும்மா இருக்கும்போது மயக்கம் வந்தால் அது வேறு விஷயம். உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

போன வாரம் தையல் பிரித்த கையோடு சர்க்கரைக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார்கள். பேரனையும் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் சொன்னேன், படுத்தேன், தொடையை இறுக்கினேன், கூரையில் இருந்த மின்விசிறியின் இறக்கைகளை எண்ணினேன். மூன்று. மறுபடி எண்ணினேன். மூன்றுதான். "முடிஞ்சுது தாத்தா" என்றாள் அந்தப் பெண். பக்கத்தில் நின்ற பேரன் வெளுத்துப் போயிருந்தான். அவனையும் அதே கட்டிலில் படுக்க வைத்து, காலைத் தூக்கி வைத்தேன்.

ஐந்து நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்தான். "தாத்தா, நானும் அடுத்த தடவை முன்னாடியே சொல்லிடறேன்" என்றான். வாசலில் இருவரும் ஆளுக்கொரு இளநீர் குடித்துவிட்டு வீட்டுக்கு நடந்தோம்.

உங்களில் யாருக்காவது இந்த ஆப்பிள் தோட்டத்தில் விழுந்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள். நாம் நினைப்பதைவிட நம் கட்சியில் ஆள் அதிகம்.